போரட்டே, போரட்டே, மதி

அம்மாவின் குரலுக்கு லாரிகள் கட்டுப்படும். மகள் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அம்மா வேலை பார்த்த சுக்குக் கிடங்கு ஒரு சந்துக்குள் இருந்தது. ஆலுவாப் பக்கமிருந்து சரக்கு ஏற்ற வரும் லாரி பின்பக்கமாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் பழைய சுவர். கொஞ்சம் பிசகினால் ஓடை மேல் போட்ட கல் நொறுங்கும், இல்லையென்றால் சுவர் பெயரும். கிளீனர் கத்துவது இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்காது. அதனால் லாரி வந்தால் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வருவாள்.

“போரட்டே... போரட்டே... போரட்டே...”

வரட்டும், வரட்டும் என்று மலையாளத்தில் அர்த்தம். லாரியின் முதுகு கிடங்கு வாசலை நெருங்கியதும் ஒரே வார்த்தை. “மதி!” போதும் என்று பொருள். டிரைவர் பிரேக்கை மிதித்துவிடுவார். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்தக் குரலை நம்பியே வண்டியை விட்டார்கள்.

நாங்கள் தமிழர்கள்தான். வீட்டில் பேசுவது தமிழ், அதாவது நாங்கள் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று. தெருவில் கால் வைத்ததும் நாக்கு தானாக மலையாளத்துக்குத் திரும்பிவிடும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றதே பெரியவளான பிறகு, ஒரு பிடிவாதத்தில்தான்.

லாரிகளை நிறுத்திய அதே குரல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் செல்லாக்காசாகிவிடும். கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சின்ன அம்மன் கோவில் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெண்கள் பஜனை. ஆர்மோனியம் வாசித்து நடத்துகிறவரைப் பாட்டு டீச்சர் என்போம். நல்ல மனுஷி. குரல் மேலே மேலே ஏறும். மற்ற பெண்களும் எப்படியோ பின்னாலேயே ஏறிப் போய்விடுவார்கள். அம்மாவுக்குத் தொண்டை அடியில் கிடந்தது. ஏற முயன்றால் உடையும். ஏறாமல் கீழேயே பாடினால் ஆர்மோனியப் பெட்டியோடு ஒட்டாமல் தனியாகக் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் பாடத் தொடங்கியதும் முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது பரவிவிட்டது. டீச்சர் எழுந்து வந்து, அம்மாவின் கையில் ஜால்ராவைக் கொடுத்தார்.

“அக்கா, நீங்க தாளம் போட்டா மதி.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றோடு அம்மா கோவிலில் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். என்னையும் என் தம்பியையும்கூட அவள் பாடித் தூங்க வைத்ததில்லை. எங்களைத் தூங்க வைத்தது ரேடியோ. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: அந்தக் கோவிலில் ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தன் வாயால் பாட வேண்டும். என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. ஆனால் ஜால்ராவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் கிளம்புகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். எனக்குப் பார்க்கவே ஆத்திரமாக வரும்.

அப்பா கார்ப்பரேஷனில் குடிதண்ணீர்க் குழாய் வேலை பார்த்தார். அவருக்கு எல்லாமே தமாஷ். “விடுடி, அவங்களுக்கு மைக் செட்டு வேணும். உனக்கு அது வேண்டா, அந்த எரிச்சல்தான்” என்பார். அம்மா கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். குறி தப்பவே தப்பாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பஜார் ரோட்டில் ஓர் இன்டர்நெட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை எஸ்.டி.டி. பூத்தாக இருந்த இடம். கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு மூன்று கம்ப்யூட்டர் போட்டிருந்தார் முதலாளி. வெளிநாட்டுக்காரர்கள் வியர்த்து வழிந்துகொண்டு வந்து ஈமெயில் பார்ப்பார்கள். அதில் ஒருத்திதான் அந்த ஜப்பான்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியைப் பையன்போல வெட்டியிருந்தாள். ஊருக்கு ஊர் போய்ச் சத்தங்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் செய்த இசையோடு கலந்து ஆல்பம் போடுவது அவள் தொழில் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மட்டாஞ்சேரியில் சத்தத்துக்கா பஞ்சம்? சும்மா நின்றால் போதுமே, காது நிறைய அள்ளிக்கொண்டு போகலாம்.

அவள் படகுத்துறையில் சங்கிலி உரசுவதைப் பதிவு செய்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் மூச்சு விடுவதைப் பதிவு செய்தாள். ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து ஈமெயில் அடித்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டாள். சந்துக்குள் அம்மா லாரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“யார் அது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“என் அம்மா.”

“என்ன பாடுகிறார்?”

பாடுகிறாராம்! நான் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நாங்கள் தமிழர்கள் என்றும், அவள் வா வா என்று கூப்பிடுகிறாள் என்றும் சொன்னேன். அதற்குள் ஒருவர் பிரிண்ட் எடுக்க வந்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் அவள் சாமான்களோடு கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் நீளமாக ஒரு கம்பு, அதன் நுனியில் சாம்பல் நிற முடி போர்த்திய ஏதோ ஒன்று. காற்றுச் சத்தம் புகாமல் இருக்க மைக்குக்குப் போட்ட உறை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது? வெளிநாட்டுப் பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு மதாம்மதான்.

“சேச்சீ, மதாம்ம கீரியக் கொண்டாந்திருக்கு. கடிக்கும், பாத்துக்கோ!”

அம்மாவுக்கு அந்தக் கீரியைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாரி வந்தது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு பாட்டு டீச்சர் பேசுவாரே, அப்படி ஒரு மெல்லிய குரலில், “போரட்டே, போரட்டே” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குரல் இவளுக்கு எங்கிருந்து வந்தது? டிரைவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாரி வந்து, வந்து, வாசல் தூணில் டொம்மென்று முட்டியது. அடுக்கியிருந்த மூட்டை ஒன்று சரிந்து வாயைப் பிளக்க, சுக்கு சந்தெல்லாம் உருண்டது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “எந்தா சேச்சி, தொண்டைக்குச் சுகமில்லையா?”

அவ்வளவுதான். அம்மாவுக்கு வந்ததே கோபம்! “தொண்டைக்கு என்ன கேடு? கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கு, மொகம் பாத்துப் பவுடர் போடவா? முன்னால எடு வண்டிய!” லாரி முன்னால் போனது. அந்தக் கோபத்தில் அவள் மைக்கை மறந்துவிட்டாள். அடுத்து எழுந்த “போரட்டே” சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. கிடங்கின் ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. கடைசியில் “மதி!” என்றாள். லாரி நின்றது. ஜப்பான்காரி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

பிறகு ஹெட்போனை எடுத்து அம்மாவின் காதில் மாட்டினாள். அம்மா கேட்டது கால் நிமிஷம்கூட இருக்காது. பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டாள்.

“அய்யே, இது நானா? எரும கத்துற மாதிரியில்ல இருக்கு!”

நான் மொழிபெயர்க்கவில்லை. ஜப்பான்காரிதான் பேசினாள்: கம்ப்யூட்டரில் அவள் எந்தச் சத்தத்தையும் செய்துவிடுவாளாம், இதை மட்டும் செய்ய முடியாதாம், எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன்.

“பாவம், நல்ல புள்ள. காதுதான் செரியில்ல” என்றாள் அம்மா. “கொண்டு போகட்டும். இங்க இது யாருக்கு வேணும்?”

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. அதையும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வருஷம் மழையெல்லாம் முடிந்து, ஒரு பார்சல் கடை முகவரிக்கு வந்தது. உள்ளே ஒரு சி.டி. அட்டையில் ஜப்பான் எழுத்து, அதற்குக் கீழே பொடியாக ஆங்கிலம். எங்கள் வீட்டில் சி.டி. போட எதுவும் கிடையாது. முதலாளி சாயா குடிக்கப் போன நேரமாகப் பார்த்து அம்மாவையும் அப்பாவையும் கடைக்கு வரவழைத்து, கம்ப்யூட்டரில் போட்டேன்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு தூரத்தில் ஒரு பறை போல எதுவோ, ஜப்பான் மத்தளமாக இருக்கலாம். ஆப்பிரிக்காவில் மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பார்களே, அது. எங்கள் படகுத்துறைச் சங்கிலி. அடியில் நாற்காலி அதிர்கிற மாதிரி எலெக்ட்ரானிக் முழக்கம் ஒன்று.

“பாட்டு எங்கடி?” என்றார் அப்பா.

“இதுதான் பாட்டு.”

“இதுவா? நம்ம மோட்டார் ரூம்ல தினமும் கேக்குறேனே.”

நாலாவது பாட்டில் வந்தது அம்மாவின் குரல். “போரட்டே” என்று ஒரு தடவை, தனியாக. பிறகு மத்தளம் அதன் பின்னால் வந்தது. இன்னொரு “போரட்டே”, புல்லாங்குழல் வந்தது. ஒவ்வொரு தடவை அம்மா கூப்பிடும்போதும் ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே நுழைந்தது. எல்லாம் வந்து நிறைந்த இடத்தில் “மதி!” சட்டென்று அத்தனையும் நின்று, தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அட்டையில என்ன போட்டிருக்கு?” என்றாள் அம்மா.

வாசித்தேன். வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாட்டின் பெயர் ‘மதி’. அதற்குக் கீழே: தமிழ்ப் பெண் ஒருத்தி நிலாவை அழைக்கிறாள், வா, வா, நிலாவே.

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “நெலாவா! நல்ல வேள, மத்தின்னு நெனச்சு மீன் படம் போடாம விட்டாளே!” எனக்கும் அடக்க முடியவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

விஷயம் கிடங்குக்குப் போய்விட்டது. அப்பா வாய் சும்மா இருக்குமா? மறுநாள் லாரி வந்தபோது மூட்டைக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, “சேச்சி, நெலா வந்தாச்சு, எங்க எறக்கணும்?” என்று கேட்டார்களாம். அம்மா முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. கிளீனர் கத்திக் கத்தி லாரியை உள்ளே கொண்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜால்ரா துணியிலிருந்து வெளியே வரவில்லை.

“கோவிலுக்குப் போகலையாம்மா?”

“அங்கயும் சிரிக்கட்டும்னா? ஜப்பான்காரிக்கு வெளையாட நான்தான் கெடச்சனா? லாரிக்குக் கத்துறவள நெலாவக் கூப்பிடுறவளாக்கி... அவளுக்கு நான் என்ன செஞ்சேன்?”

எனக்கு ஜப்பான்காரிமேல் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற ஒரே குரலையும் அவள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். கடைக்குப் போய், சாப்பிடாமல் கொள்ளாமல் ஈமெயில் அடித்தேன். மதி என்றால் நிலா இல்லை, போதும் என்று அர்த்தம், என் அம்மா லாரியை நிறுத்தினாள், இப்போது ஊரே சிரிக்கிறது, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்று காரசாரமாக எழுதினேன். ஆங்கிலத்தில் தப்பு இருந்திருக்கும். கோபத்தில் தப்பு இருந்திருக்காது.

பதில் மறுநாளே வந்துவிட்டது. பாவம், பதறியிருந்தாள். கேட்கத்தான் செய்தாளாம். அம்மா தமிழ்ப் பெண் என்பதால், தன் ஊரில் வேலை பார்த்த ஒரு தமிழ் இன்ஜினியரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். போரட்டே என்றால் வா வா என்று நான் சொன்னதையும் சொல்லியிருக்கிறாள். மனுஷனுக்கு மதி என்று காதில் விழுந்ததும் நிலாதான். முன்னால் வா, வா வேறு. அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் தாய்மார்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நிலாவை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டார். சொல்லும்போது கண் கலங்கினாராம். லாரியைப் பார்த்தவள் இவள் ஏன் நம்பினாள் என்றால், அவள் ஊரிலும் வலை இழுக்கிறவர்கள் வலையைப் பற்றிப் பாடுவதில்லையாம். வேறு எதையாவதுதான் பாடுவார்களாம்.

ஒரு மலையாளியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். தமிழச்சி வாயிலிருந்து மலையாளம் வரும் என்று அந்த இன்ஜினியர் கண்டாரா? அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோறு ஊட்டிய தன் அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பார்.

கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. அம்மாவின் குரலை உயர்த்திப் பார்க்கலாம் என்று ஸ்டூடியோவில் சொன்னார்களாம். கம்ப்யூட்டரில் அது சுலபமாம். அவள் மறுத்துவிட்டாள். அந்தக் குரல் இருக்கிற இடத்துக்கு மற்ற எல்லாவற்றையும் இறக்கினாளாம். புல்லாங்குழல்காரர் இதற்கென்றே நீளமான குழல் ஒன்று செய்ய வேண்டியிருந்ததாம். மத்தளத்தின் தோலைத் தளர்த்தினார்களாம். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அட்டையில் இருப்பதைத் திருத்திவிடுகிறேன், உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாள்.

அம்மா அடுப்படியில் கப்பைக் கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அச்செடுத்த காகிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இன்ஜினியர் கதை வந்தபோது, “ஆங், அப்படியா” என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. புல்லாங்குழல் கதை வந்ததும் கரண்டியை வைத்துவிட்டாள்.

“திருப்பிப் பற.”

திருப்பிச் சொன்னேன்.

“எல்லாத்தயுமா எறக்குனா?”

“எல்லாத்தையும்.”

“என் தொண்டைக்கா?”

“உன் தொண்டைக்குத்தாம்மா.”

அம்மா கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அழுகிறவளாகவே அழுதாள். நானும் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். கப்பை அடிபிடித்துவிட்டது.

“அட்டையில என்ன எழுதச் சொல்லட்டும்?” என்று பிறகு கேட்டேன். “போதும்னு திருத்தச் சொல்லவா?”

“வேண்டா. நெலான்னே இருக்கட்டும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “போதும் போதும்னு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்து மடுத்துப்போச்சு.”

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஜால்ராவை எடுக்காமல் கிளம்பினாள். மறுபடியும் யாராவது சிரித்தால் இவள் இனி லாரிக்குக்கூட வாய் திறக்க மாட்டாள் என்று பயந்தேன். பின்னாலேயே போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன். அப்பா வெளியே செருப்புகளுக்குக் காவல்போல நின்றார்.

இரண்டு பாட்டு முடிந்தது. டீச்சர் அடுத்ததுக்கு ஆர்மோனியக் கட்டையை அழுத்தியபோது அம்மா சொன்னாள்:

“டீச்சரே, இந்தப் பாட்டு நான் பாடுறேன். பெட்டியக் கொஞ்சம் கீழ எறக்கணும்.”

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. “அக்கா, கீழன்னா... அது ஆம்பளைங்க சுதியாச்சே?”

“லாரியும் ஆம்பளைங்க ஓட்டுறதுதான். நான் சொன்ன எடத்துலதான் நிக்குது.”

யாரோ சிரித்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னொருத்தி, “அவ்வளவு கீழ போனா நாங்க எப்படிப் பாடுறது?” என்று கேட்டாள். “ஒரே ஒரு பாட்டுக்கு நீங்கல்லாம் தாளம் போடுங்க, நான் எத்தன வருஷம் போட்டேன்” என்றாள் அம்மா. டீச்சர் தான் கொடுத்த ஜால்ராவை நினைத்துக்கொண்டவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, கட்டையை ஒன்று இறக்கி அழுத்தினார்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். கை தானாக உயர்ந்து, லாரிக்குக் காட்டுவதுபோல வா வா என்று அசைந்தது.

“போரட்டே...”

இன்னொரு கட்டை கீழே.

“போரட்டே...”

இன்னும் கீழே. ஆர்மோனியம் அடிவயிற்றிலிருந்து உறுமியது. அந்தக் கோவிலில் அது அவ்வளவு கீழே போய் நான் கேட்டதே இல்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

“போரட்டே... போரட்டே...”

டீச்சரின் விரல் அடுத்த கட்டையில் விழுந்தது.

“மதி!”

விரல் நின்றது. அம்மா வாயைத் திறந்து முதல் வரியைப் பாடினாள். உடையவில்லை. எங்கும் முட்டவில்லை. பெட்டியும் அவளும் ஒரே இடத்தில் நின்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் என் அம்மா பாடி நான் கேட்டேன்.

வாசலில் நின்ற அப்பா யாருக்கோ சொல்வதுபோல உரக்கச் சொன்னார், “நெலா எறங்கியாச்சு.” பெண்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா சிரிப்புக்கு நிற்கவில்லை, கடைசி வரி வரைக்கும் பாடினாள்.